இங்கிலாந்துப் பெட்டி, சீனாப் பெட்டி, நம்ம காது

கிடார் வாசிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த வசனம் உங்களுக்குப் பழக்கமாகியிருக்கும்: "யு.கே. மேட் சார், அதான் விலை அப்படி." பெங்களூரு, புனே, மும்பை, குர்காவ், எங்கே போய்ப் பழைய ஸ்பீக்கர் கேபினட் விசாரித்தாலும் இதே கதைதான். விற்கிறவர் மாடலைச் சொல்ல மாட்டார், என்ன மரம் என்று சொல்ல மாட்டார், உள்ளே எந்த ஸ்பீக்கர் என்று சொல்ல மாட்டார். முதலில் நாட்டைச் சொல்வார். வாங்கப் போகிற நம்மாட்களும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். "இங்கிலாந்தா, சீனாவா, வியட்நாமா?"

இந்தக் கேள்வியே தப்பு என்பதுதான் என் கட்சி. நாட்டை வைத்துப் பெட்டியைப் பிரிக்கிறேன் என்கிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் பெட்டியைப் பார்ப்பதில்லை, ஒட்டியிருக்கிற காகிதத்தைப் பார்க்கிறார்கள். அந்தக் காகிதத்துக்கு நாம் கொடுக்கிற காசு கொஞ்சநஞ்சமில்லை. எங்கள் குடியிருப்பில் திருநெல்வேலிக்காரர் ஒருவர், எல்லாருக்கும் அண்ணாச்சி. பையனுக்காக ஒரு 4x12 பெட்டி தேடினார். ஒரே மாடல், ஒரே ஸ்பீக்கர். ஒன்றில் இங்கிலாந்து என்று இருந்ததாம், இன்னொன்றில் இல்லையாம். வித்தியாசம் 35,000 ரூபாய். "தம்பி, சவுண்டு அப்படியே வேற மாதிரின்னு சொல்றாங்களே" என்றார். "யார் அண்ணாச்சி சொல்றது?" என்றேன். "விக்கிறவர்தான்" என்றார். :-)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

அந்தக் காகிதம் எங்கிருந்து வந்தது?

'இன்ன நாட்டில் செய்தது' என்று பொருள்மேல் எழுதும் வழக்கம் தரத்தைக் காட்டுவதற்காகப் பரவியது இல்லை. 1887-இல் பிரிட்டனில் வணிகக் குறிச் சட்டம் ஒன்று வந்தது. ஜெர்மன்காரன் மட்டமான கத்தியையும் கத்தரிக்கோலையும் ஷெஃபீல்டு சரக்கு மாதிரி விற்கிறான், மக்களுக்கு எச்சரிக்கை கொடுக்க வேண்டும் என்பது அன்றைய புகார். வெளிநாட்டுச் சரக்கில் ஊர்ப்பெயர் போடு என்றார்கள். 'மேட் இன் ஜெர்மனி' என்பது அவமானமாக ஒட்டப்பட்ட முத்திரை. சில பத்தாண்டுகளில் அதுவே பெருமையாக மாறிப்போனது.

ஜப்பானும் அப்படித்தான். ஒரு காலத்தில் ஜப்பான் கிடார் என்றால் காப்பி அடித்த மலிவுச் சரக்கு. 1982-இல் ஃபெண்டர் கம்பெனியே ஜப்பானில் ஒரு கிளை தொடங்கியது. அன்று அங்கே செய்த கிடார்களை இன்று சேகரிப்பாளர்கள் சீரியல் நம்பர் பார்த்துத் தேடி வாங்குகிறார்கள். மரமும் கம்பியும் அதேதான். மாறியது நம் மூளை.

சட்டப்படி பார்த்தால், பொதுவாக ஒரு பொருள் கடைசியாகக் குறிப்பிடத்தக்க மாற்றம் அடைந்த இடம்தான் அதன் நாடு. மரம் எங்கிருந்து வந்தது, ஸ்பீக்கரை யார் செய்தார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் அடங்காது. பெட்டியைப் பூட்டி முடித்த இடம் தெரியும், அவ்வளவுதான்.

ஒரு பெட்டிக்குள் எத்தனை நாடு?

கிடார் பெட்டி என்றால் பாதி கதை செலஸ்டியன் ஸ்பீக்கர். 1924-இல் லண்டன் பக்கத்து ஹாம்ப்டன் விக்கில் தொடங்கிய கம்பெனி. பிறகு தேம்ஸ் டிட்டன், பிறகு இப்ஸ்விச் என்று இடம் மாறியது. 1992-இல் ஹாங்காங்கின் கோல்டு பீக் குழுமம் அதை வாங்கியது. 2000-களின் தொடக்கத்தில் அதிகம் விற்கிற மாடல்கள் பலவற்றின் தயாரிப்பு சீனாவுக்குப் போனது. ஆல்நிகோ ப்ளூ, ஹெரிடேஜ் வரிசை போன்ற சிலவற்றை அதற்குப் பிறகும் இங்கிலாந்திலேயே செய்தார்கள்.

இதனால் என்ன ஆனது? 2000-களின் நடுவுக்குப் பிறகு வந்த மார்ஷல் 1960 பெட்டிகள் பலவற்றின் வெளியே 'மேட் இன் இங்கிலாந்து', உள்ளே ஸ்பீக்கரில் 'மேட் இன் சைனா'. இன்னொரு பக்கம், வாக்ஸ் ஏசி30-இன் ப்ளூ ஸ்பீக்கர் போட்ட மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்ப் செய்தது சீனாவில், உள்ளே இருக்கிற இரண்டு ஸ்பீக்கரும் இங்கிலாந்தில் செய்தவை. வாக்ஸ் கம்பெனியே 1992 முதல் ஜப்பானின் கோர்க் கையில்.

இப்போது சொல்லுங்கள், இந்த இரண்டில் எது இங்கிலாந்து, எது சீனா? வெளியே ஒட்டியிருப்பதை நம்பினால் ஒரு பதில், சத்தம் வருகிற இடத்தைப் பார்த்தால் நேர்மாறான பதில்.

இன்னும் உள்ளே போவோம். ஸ்பீக்கரின் குரலைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு அந்தக் காகிதக் கூம்புக்கு. 'அசல் இங்கிலாந்து' என்று சத்தியம் செய்யப்படுகிற 80-கள், 90-களின் செலஸ்டியன் ஸ்பீக்கர்கள் பலவற்றின் கூம்பு, ஜெர்மனியின் கர்ட் முல்லர் கம்பெனி செய்தது. விவரம் தெரிந்த சேகரிப்பாளர்கள் கூம்பின் பின்னால் அந்த முத்திரையைத் தேடிப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். ஆக, நாம் உயிரைக் கொடுத்துத் தேடுகிற 'இங்கிலீஷ்' குரலின் தொண்டையே ஜெர்மன்!

அப்போ 'பிரிட்டிஷ் சவுண்ட்' என்பது?

இருக்கிறது. இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது ஒரு வடிவமைப்பின் பெயர், மண்ணின் பெயர் இல்லை.

மார்ஷலின் முதல் ஆம்ப் ஜேடிஎம்45. 1962-இல், மேற்கு லண்டன் ஹான்வெல்லில் இருந்த ஜிம் மார்ஷலின் கடையில் உருவானது. அதன் சர்க்யூட் அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மேனைப் பார்த்துச் செய்தது. பாஸ்மேனில் பத்து அங்குல ஸ்பீக்கர் நான்கு, பின்பக்கம் திறந்த பெட்டி. மார்ஷல் அந்த ஊரில் கிடைத்த பாகங்களைப் போட்டார், பன்னிரண்டு அங்குல செலஸ்டியன் நான்கைப் பின்பக்கம் மூடிய தனிப் பெட்டியில் வைத்தார். குரல் மாறிவிட்டது. பெட்டியின் அளவு, மூடிய முதுகு, ஸ்பீக்கர், டிரான்ஸ்ஃபார்மர் என்று மாற்றத்துக்குக் காரணம் காட்ட முடியும். அவற்றை அப்படியே வேறு எங்கே செய்தாலும் அந்தக் குரல் வரும்.

அமெரிக்கப் பக்கமும் இதே கூத்து. ஐம்பதுகளின் அமெரிக்க ஆம்ப் சவுண்டுக்குப் பெயர் போனது ஜென்சன் ஸ்பீக்கர். இன்று ஜென்சன் பெயரில் வரும் மறுபதிப்பு ஸ்பீக்கர்களைச் செய்வது இத்தாலியின் சிகா கம்பெனி. கென்டக்கி மாநிலத்தில் எமினென்ஸ் என்ற ஊரில், அதே பெயரில் ஒரு ஸ்பீக்கர் கம்பெனி. அவர்களிடம் இரண்டு வரிசை. 'பேட்ரியட்' என்றால் அமெரிக்கக் குரல். 'ரெட் கோட்' என்றால் பிரிட்டிஷ் குரல். இரண்டும் ஒரே கம்பெனிச் சரக்கு. கென்டக்கிக்காரன் பிரிட்டிஷ் குரலைச் செய்து விற்கலாம், யாரும் கேள்வி கேட்பதில்லை. அதையே சீனாக்காரன் செய்தால் மட்டும் "ஆன்மா இல்லை" என்கிறோம்.

"காதால் கேட்டே சொல்லிடுவேன்"

இப்படிச் சொல்கிற வீரர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களிடம் மூன்று கேள்வி.

ஒன்று, எத்தனை வயது ஸ்பீக்கரை எத்தனை வயது ஸ்பீக்கரோடு ஒப்பிட்டீர்கள்? வாசிக்க வாசிக்கக் கூம்பின் விளிம்பு தளர்ந்து, புதிதில் இருந்த கரகரப்பு குறையும். தயாரிப்பு சீனாவுக்குப் போனது 2000-களில். அதனால் இங்கிலாந்து ஸ்பீக்கர் பெரும்பாலும் பழசு, சீன ஸ்பீக்கர் பெரும்பாலும் புதுசு. இருபத்தைந்து வருடம் உழைத்த ஒன்றையும் நேற்று அட்டைப்பெட்டி பிரித்த ஒன்றையும் பக்கத்தில் வைத்துக் கேட்டுவிட்டு, வித்தியாசத்துக்கு நாட்டைக் காரணம் காட்டுவது என்ன நியாயம்?

இரண்டு, ஒரே மாடலா? செலஸ்டியன் சொல்கிற கணக்குப்படி வின்டேஜ் 30 ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி 100 டெசிபல், ஜி12டி-75 ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி 97 டெசிபல். மூன்று டெசிபல்தானே என்று நினைக்காதீர்கள். அந்த மூன்றை ஈடுகட்ட ஆம்ப் இரட்டிப்புப் பவர் தள்ள வேண்டும். சத்தம் கொஞ்சம் கூடினால் நம் காதுக்கு அது 'நல்ல' சத்தமாகத் தோன்றும். கடைக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். மாடல் வித்தியாசத்தை நாட்டு வித்தியாசம் என்று நம்பிக் காசு கொடுத்தவர்கள் நிறையப் பேர்.

மூன்று, எங்கே நின்று கேட்டீர்கள்? கிடார் ஸ்பீக்கரின் கூர்மையான சத்தம் நேராகக் குறுகலாகப் போகும். நடுவுக்கு நேரே காதை வைத்தால் ஒரு குரல், ஒரு அடி தள்ளி நின்றால் வேறு குரல். மைக்கை ஓர் அங்குலம் நகர்த்தினாலே வேறு பெட்டியோ என்று சந்தேகம் வரும். ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை செய்கிற எவரையும் கேட்டுப் பாருங்கள்.

வேண்டுமானால் வீட்டிலேயே சோதியுங்கள். ஒரே ஆம்ப், ஒரே செட்டிங், இரண்டு பெட்டிக்கும் முன்னால் ஒரு போர்வை. பிள்ளையைத் திரும்பி உட்காரச் சொல்லி, ஒருவர் வயரை மாற்றட்டும். மாற்றாமலேயே "மாத்திட்டேன்" என்றும் நடுநடுவே சொல்லட்டும். பத்துத் தடவை செய்யுங்கள், ஒவ்வொன்றையும் எழுதி வையுங்கள். காகிதம் கண்ணுக்குத் தெரியாதபோது எத்தனை பேரின் காது நாட்டைக் கண்டுபிடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

எதிர்த்தரப்பில் உள்ள நியாயம்

"சீனாவில் செய்த மலிவுப் பெட்டி நிஜமாகவே மட்டமா இருக்கேப்பா" என்பீர்கள். இருக்கிறது. நானே பார்த்திருக்கிறேன். ஆனால் காரணத்தைச் சரியாகப் பிடியுங்கள். கம்பெனி தன் விலை குறைந்த வரிசையைக் கூலி குறைந்த நாட்டுக்கு அனுப்புகிறது. விலை குறைந்த வரிசை என்பதால் பிளைவுட்டுக்குப் பதில் எம்.டி.எஃப்., காந்தம் சின்னது, வயர் மெல்லியது. இந்த முடிவை எடுத்தது கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் விலைப்பட்டியல் போட்டவர். பூட்டு போட்டுத் திருகு முடுக்கிய தொழிலாளி இல்லை. அதே தொழிலாளியிடம் நல்ல பிர்ச் பிளைவுட்டைக் கொடுத்தால் நல்ல பெட்டி செய்து கொடுப்பார்.

அறுபதுகளின் ஃபெண்டர் ஆம்ப்களை அமெரிக்கத் தங்கம் என்கிறோமே, அவற்றில் ஸ்பீக்கரைப் பொருத்திய முன்பலகை பார்ட்டிகிள் போர்டு. மரத்தூள் பலகையேதான். அமெரிக்காவில் செய்ததால் அது பிளைவுட் ஆகிவிடவில்லை.

நம் ஊர் மழைக்காலத்துக்கு இந்த மர விவகாரம் ரொம்ப முக்கியம். வீட்டில் மாடுலர் கிச்சன் போட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, சிங்க்குக்குக் கீழே இருக்கிற பலகை இரண்டு ஜூலைக்குள் என்ன ஆகும் என்று. ஈரம் ஏறினால் எம்.டி.எஃப். மூலைகள் ஊதும், சக்கரத் திருகு பிடிக்காமல் கையோடு வரும். புனேயிலும் மும்பையிலும் வாடகை வீட்டுப் பால்கனியில் பெட்டியை வைக்கிற நமக்கு நாட்டைவிடப் பலகைதான் பெரிய கேள்வி.

அப்போ எதைப் பார்த்துப் பிரிப்பது?

திட்டிவிட்டு மட்டும் போனால் நன்றாக இருக்காது. பழைய பெட்டி வாங்கப் போகும்போது ஒரு ஸ்க்ரூ டிரைவரும் மல்டிமீட்டரும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. பின்னால் வயர் சொருகுகிற ஜாக் தகடு இருக்கும். திருகுகளைக் கழற்றி ஓட்டையின் வெட்டு விளிம்பைப் பாருங்கள். அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் பிளைவுட். பிஸ்கட்டை உடைத்த மாதிரி ஒரே பழுப்பாக இருந்தால் எம்.டி.எஃப். பின்பலகை ஒன்றும் பக்கப்பலகை வேறொன்றுமாக இருப்பதும் உண்டு, இரண்டையும் பாருங்கள்.

2. பின்பலகையைத் திறக்கச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் லேபிளில் மாடல் பெயரும், செலஸ்டியன் என்றால் 'டி' என்று தொடங்கும் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண்தான் உண்மையான அடையாளம். ஒரே பெயரில் ஆம்ப் கம்பெனிகளுக்காகச் செய்யப்பட்ட வகைகளை அது பிரித்துக் காட்டும். திறக்க மாட்டேன் என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

3. நான்கு ஸ்பீக்கரின் தேதிக் குறியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். செலஸ்டியனில் நாளுக்கு எண்ணும், மாதத்துக்கும் வருடத்துக்கும் எழுத்தும் வரும். அமெரிக்க ஸ்பீக்கர் என்றால் செய்தவரைக் குறிக்கும் எண் முதலில் வரும், ஜென்சனுக்கு 220, எமினென்ஸுக்கு 67. மூன்று ஒரே காலம், ஒன்று மட்டும் வேறு என்றால் அந்த ஒன்றை மாற்றியிருக்கிறார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

4. ஆம்ப்பில் இருந்து கழற்றிவிட்டு மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 16 ஓம் பெட்டி 12, 13 அருகே காட்டும். 8 ஓம் பெட்டி 6, 7 அருகே காட்டும். அதைவிட ரொம்பக் கூடக் காட்டினால் உள்ளே ஒன்று போயிருக்கலாம். மார்ஷல் 1960ஏ போன்ற பெட்டியில் மோனோவுக்கு 4, 16, ஸ்டீரியோவுக்கு 8 என்று தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. வால்வு ஆம்ப்பில் தப்பாகச் சொருகினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆபத்து. இதை எந்த நாட்டு லேபிளும் காப்பாற்றாது.

5. கூம்பை விரலால் மெல்ல, நேராக, சமமாக அழுத்துங்கள். உரசுகிற சத்தம் வந்தால் சுருள் எங்கோ தட்டுகிறது. ஓரத்தில் கிழிசலோ ஒட்டுப்போட்ட பசையோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

6. கடைசியாக வாசித்துப் பாருங்கள். பிள்ளையின் சொந்த கிடாரில், அவனோ அவளோ வழக்கமாக வாசிக்கிறதையே.

இந்த ஆறும் ஒத்துவந்தால் நாடு எதுவானால் என்ன? ஒத்துவராவிட்டால் பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் செய்திருந்தாலும் வேண்டாம்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம்?

காசு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வேறு.

நம்மில் எத்தனை பேர் மென்பொருள் பிழைப்பில் இருக்கிறோம்! நான் புனேயில் உட்கார்ந்து எழுதுகிற நிரல் வேறொரு தேசத்துக் கம்பெனியின் பெயரில் வெளியே போகிறது. வெளியே ஒட்டுகிற லேபிளில் என் ஊர் இருக்காது. ஒரு கூட்டத்தில், பெயர் வேண்டாம், வாடிக்கையாளர் தரப்பில் ஒருவர் பிழை ஒன்றைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "இது ஆஃப்ஷோர் டீம் எழுதியதா?" என்பதுதான். என்ன பிழை, எந்த வரி என்றுகூடக் கேட்கவில்லை. பிறகு பார்த்தால் அந்தப் பகுதியை எழுதியது அவர்களே. அன்று எங்கள் குழு முழுக்கக் கொதித்தது. "வேலையைப் பாருய்யா, எழுதினவன் எந்த ஊர்னு ஏன் பாக்கறே" என்று கேன்டீனில் உட்கார்ந்து பொருமினோம்.

அதே நாங்கள் வாரக்கடைசியில் கடைக்குப் போய் "சைனா மேடா? அப்ப வேணாம்" என்கிறோம். நம் மேல் வீசப்படுகிற அதே கல்லை எடுத்து இன்னொரு தொழிலாளி மேல் வீசுகிறோம். குவாங்டாங்கிலோ ஹோ சி மின் நகரத்துப் பக்கமோ ஒரு பெண் நாள் முழுக்கச் சாலிடர் வைக்கிறாள். அவளும் ஊரைவிட்டு வந்து விடுதியில் தங்கி வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவளாக இருக்கலாம். அவள் கை வேலையைக் கேட்டுப் பார்க்காமலே மட்டம் என்பதற்கும், நம் நிரலைப் படித்துப் பார்க்காமலே மட்டம் என்பதற்கும் என்ன வித்தியாசம்?

இன்னொன்று. 2000-களில் வந்த மார்ஷல் எம்ஜி வரிசைச் சின்ன ஆம்ப்கள் சிலவற்றின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். 'மேட் இன் இந்தியா' என்று இருக்கும். அதைப் பார்த்ததும் உங்கள் மனதில் முதலில் என்ன தோன்றுகிறது என்று கவனியுங்கள். பெருமையா, "ஐயோ, அசல் இல்லையா?" என்ற ஏமாற்றமா? நான் காட்டிய நண்பர்களில் பெரும்பாலோர் முகத்தில் வந்தது இரண்டாவது. அஹுஜா ஸ்பீக்கரில் கோயில் கொடை, மெல்லிசைக் கச்சேரி எல்லாம் கேட்டு வளர்ந்த கூட்டம் நாம்!

நம் பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். ஒரு பொருளைத் திறந்து, அளந்து, கேட்டு முடிவு செய்கிற பழக்கத்தைக் கொடுக்கப்போகிறோமா, லேபிளைப் படித்து மரியாதை கொடுக்கிற பழக்கத்தையா? வெளியூரில் பிழைக்கப்போகிற பிள்ளைகள். நாளைக்கு அவர்களையும் யாரோ லேபிள் பார்த்துத்தான் எடைபோடுவார்கள். அன்றைக்கு எதிர்த்துப் பேச அவர்களுக்கு வாய் வேண்டுமென்றால், இன்றைக்கு நாம் கடையில் பேசுகிற பேச்சு ஒழுங்காக இருக்க வேண்டும்.

பி.கு: அண்ணாச்சி இரண்டு பெட்டியையும் திறந்து பார்த்தார். லேபிள் இல்லாத பெட்டி முழுக்க பிளைவுட், நான்கு ஸ்பீக்கரும் ஒரே மாதத்துத் தேதி. இங்கிலாந்துப் பெட்டியில் ஒரு ஸ்பீக்கர் மட்டும் வேறு மாடல். முதலாவதை வாங்கினார். மிச்சமான காசில் பையனுக்கு ஒரு வருடக் கிடார் வகுப்புக் கட்டணம் கட்டியாயிற்று. கீழ்வீட்டு மராத்திப் பாட்டி மட்டும் எந்த நாட்டுப் பெட்டியாக இருந்தாலும் சத்தம் ஒன்றுதான் என்கிறார். அவர் காது நம்மைவிட நேர்மையானது. :-)